மூடியிருந்த மூன்று கிலோமீற்றர்

என் கணவர் தில்லைநாதன் அமெரிக்கப் பாலைவனத்தை வீடியோ எடுத்துவந்த கதையைக் கேட்காத தமிழ் வீடு சுவிஸின் இந்த வின்டர்தூர் நகரத்தில் இல்லை. ஊரிலே யாரும் மணலையே கண்டதில்லை என்பதுபோல ஐந்து ஞாயிறாக அந்தக் கசெற்றைப் போட்டுக் காட்டுகிறார்.

நேற்று யோகராஜா அண்ணையும் அவர் மனைவி சுகந்தியும் வந்திருந்தார்கள். அண்ணை வியாழக்கிழமை ஊருக்குப் போகிறார். கசெற்றை மட்டக்களப்பில் என் அம்மாவிடம் கொடுக்கவேண்டும். அம்மா என் தம்பி மதிவதனனைக் கண்டு பதின்மூன்று வருடம். கடிதத்துக்குக் கடிதம் ஒரே கேள்விதான்: அவன் நடக்கிறதை, கதைக்கிறதை ஒருக்கால் காட்டமாட்டியோ? அதற்காகத்தான் இரண்டு வருட லீவைச் சேர்த்து வைத்து அமெரிக்கா போனேன். பாறை பார்க்க அல்ல.

"இது கள்ளி," என்றார் இவர், திரையைத் தொட்டுக் காட்டி. கள்ளியைக் கண்டால் கள்ளி என்று அண்ணைக்குத் தெரியாதாம்.

மதிக்கு அரிசோனாவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை. விசா முடிந்து ஆறு வருடம். பொலிஸ் காரைக் கண்டால் தெரு மாறிப் போகிறவன். ஒரே ஒரு நாள்தான் லீவு கிடைத்தது. பாலைவனப் பூங்கா ஒன்றுக்கு அவன் கிழக்கு வாசலால் வர, நாங்கள் மேற்கு வாசலால் போக, பூங்காவின் நடுவில் சாப்பாட்டு மேசைகள் போட்ட இடத்தில் மத்தியானம் சந்திப்பதாக ஏற்பாடு. மறுநாள் காலை எங்களுக்கு விமானம்.

போய்ப் பார்த்தால் ரோட்டைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு மேசைகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மூன்று கிலோமீற்றர் மூடல். முழங்கால் உயரத்தில் ஒரு செம்மஞ்சள் கட்டை, பக்கத்தில் ஓர் அறிவித்தல் பலகை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வேலையாளும் இல்லை, காவலாளியும் இல்லை. சுற்றிப் போவதென்றால் நாலு மணித்தியாலம்.

"நடந்து போவம்," என்றேன்.

"பெவிலிகுங் இல்லாமல் போகேலாது. மூடல் எண்டால் மூடல்தான்."

"ஆரிட்டை அனுமதி கேக்கிறது? அந்தக் கள்ளியிட்டையோ?"

"உமக்கு விளங்காது. நாங்கள் இப்ப சுவிஸ்காரர்."

கிடைத்து நாலு மாதமான சிவப்புப் பாஸ்போட் அவர் சட்டைப் பையில் துருத்திக்கொண்டு நின்றது. இதே மனிதர்தான் எண்பத்து நாலில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல், யாரோ கொடுத்த இரவல் சப்பாத்தோடு, பனிக்காட்டுக்குள்ளால் இந்த நாட்டு எல்லையைத் தாண்டினவர். அந்தக் கால் இந்தக் கட்டையைத் தாண்டாதாம். அகதியாக இருந்த காலத்தில் பக்கத்துக் கன்ரோனில், அடுத்த மாகாணத்தில், ஒரு இரவு தங்கவும் கடிதம் எழுதிக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவர். பாவம் என்று சொல்ல வாய் வருகிறது. சொல்லமாட்டேன்.

"அப்ப கமெராவையாவது தாங்கோ."

"அது எனக்கு வேணும். பலகையை வடிவாய் எடுக்கவேணும். பயணச்சீட்டு வித்தவனுக்கு முறைப்பாடு எழுத ஆதாரம் வேண்டாமோ?"

பயற்றம் பணியாரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டையைத் தாண்டினேன். செருப்புக்குள் மணல் சுட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஓர் ஆள் வந்துகொண்டிருந்தான். மதி. பிடிபட்டால் நேரே விமானத்தில் ஏற்றப்படக்கூடியவன், அங்கே அவனும் கட்டையைத் தாண்டி வந்திருந்தான்.

மண் கிண்டும் இயந்திரம் ஒன்றின் நிழலில் இருந்தோம். எங்கள் பக்கத்துக் கட்டையடியில் கார்கள் வந்துபோகும் என்று அதற்கு மேல் வர அவன் பயந்தான். அவனுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பணியாரத்தைக் கடித்தவன், "அம்மா செய்யிற மாதிரியே இருக்கு, அக்கா," என்று அழுதான். நானும் அழுதேன்.

"அத்தான் எங்கை?"

"அங்கை நிண்டு வீடியோ எடுக்கிறார்."

"அம்மாவுக்கோ?" என்று எழுந்தான். சட்டையை இழுத்து நேராக்கினான். தலையைக் கையால் வாரினான். பிறகு இவர் நின்ற பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "அம்மா, நான் நல்லாயிருக்கிறன்," என்று கத்தினான். அவனை மறிக்க எனக்கு மனம் வரவில்லை.

திரையில் இப்போது பலகை வந்துவிட்டது. முழுத்திரைக்கும் பலகைதான். இவருடைய குரல் அதை ஆங்கிலத்தில் வரிக்கு வரி வாசிக்கிறது. முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து வாசிக்கிறது.

சுகந்தி என்னைப் பார்த்தாள். "அக்கா, தம்பியை இன்னும் காணேல்லையே?"

"அந்தப் பகுதி மூடியிருந்தது," என்றார் இவர்.

ரிமோட்டை வாங்கி நிறுத்தினேன். பலகையின் மூலைக்கு மேலே, ரோடு முடிகிற இடத்தில், இரண்டு புள்ளிகள் தெரிந்தன.

"அண்ணை, கசெற்றை இப்பிடியே கொண்டுபோங்கோ," என்றேன். "அம்மாவிட்டைச் சொல்லுங்கோ. இடப்பக்கத்துப் புள்ளி மகன், கை காட்டுறான். பக்கத்திலை நிக்கிறது மகள். சத்தமாய் வாசிக்கிறது மருமகன்."