கண்டக்டர் வீட்டு முற்றத்தில் சரளைக்கல்

கண்டக்டர் பஸ்ஸை விட்டு இறங்கி வருஷக்கணக்காகிறது. பழக்கம் மட்டும் இறங்கவில்லை. காலி இடம் கண்ணில் பட்டால் அவருக்குப் பொறுக்காது. ஆஸ்பத்திரி பெஞ்சில்கூட, "தள்ளி உக்காருங்க, இன்னொரு ஆளு உக்காரலாம்" என்பார். எங்கள் மாடியில் துணி உலர்த்தினால் அவர் முற்றம் முழுசாகத் தெரியும். நான் போய்ப் பார்ப்பதில்லை. அதுவாகக் கண்ணில் விழுகிறது.

அவருக்கு ஒரே அக்கா. பக்கவாதம் வந்து, மேற்குப் பார்த்த அறையில் கட்டிலோடு கிடக்கிறாள். வாய் மட்டும் வேலை செய்கிறது, இரண்டு ஆளுக்குச் சேர்த்து. சாயங்கால வெயிலை அந்த ஜன்னலுக்கு வரவிடாமல் மறித்து நின்றது முற்றத்து வாதாம் மரம். அந்த நிழலில் படுத்தபடி, தெருவில் போகிறவர் வருகிறவரை நக்கலடிப்பதுதான் அவளுக்கு மிச்சமிருந்த வாழ்க்கை.

அப்போதுதான், மழை பொய்த்துப் போனதால், தண்ணீர் வாரியம் உத்தரவு போட்டது. புல்தரையை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் ஷீட் விரித்து, சரளைக்கல் கொட்ட வேண்டும். தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் கூடாது. மரத்துக்குப் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றலாம். நாங்களெல்லாம் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்தடித்தோம். கண்டக்டர் மறுநாளே புல்லைப் பெயர்த்தார். ஷீட்டை அடிமரம் வரை இழுத்து, சுற்றி இறுக்கிக் கல்லைக் கொட்டினார்.

"என்னடா, மரத்துக்குக் கழுத்து வரைக்கும் போத்தி விடுற? அதுக்கென்ன குளிரா?" என்றாள் அக்கா.

"இடம் விட்டா களை முளைக்கும்க்கா."

வாரியத்து அதிகாரியம்மா ஜீப்பிலிருந்து இறங்காமலே வாசலைப் பார்த்துவிட்டு, "தெருவுக்கே நீங்கதான் சார் உதாரணம்" என்றார். அந்த வாரம் முழுக்க எங்களுக்குக் கண்டக்டரைக் கண்டாலே எரிச்சல்.

காலையும் மாலையும் பாத்திரத் தண்ணீரைச் சுமந்து ஊற்றினார். அது ஷீட்டின் மேலேயே ஓடி வாசல் சாக்கடையில் விழுந்தது. தாராளமாக ஊற்றுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். இலைகள் சிவந்து கொட்டின. வாதாம் எப்போதும் அப்படித்தானே என்று யாரும் கவலைப்படவில்லை. தளிர்தான் வரவில்லை.

ஒரு கிளை முறிந்து விழுந்த பிறகு அதிகாரியம்மா மறுபடி வந்தார், இந்தத் தடவை இறங்கினார். ஷீட்டைத் தூக்கினால், மண் மாவாக இருந்தது.

"அடிமரத்தைச் சுத்தி நாலடி விட்டிருக்கணுமே சார். உத்தரவுலயே இருக்கே."

"சும்மா காலியாவா?" கண்டக்டரின் குரல் இறங்கிவிட்டது. "சரி, வேற மரம் வெக்கலாமா?"

"கட்டுப்பாடு முடியற வரைக்கும் புதுசா எதுவும் நடக்கூடாது."

"எப்ப முடியும்?"

அதிகாரியம்மா வானத்தைப் பார்த்தார். அது அவர் அதிகாரத்தில் இல்லை.

மரத்தை வெட்டினார்கள். இப்போது மேலிருந்து ஒரு வெயில், வெள்ளைக் கல்லிலிருந்து இன்னொரு வெயில். கண்டக்டர் ஜன்னலில் போர்வையைக் கட்டினார்.

"எடுடா இதை. உயிரோட மூட்டை கட்டுறியா? தெரு தெரியல."

எடுத்தார். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. ஜன்னலை மறித்து அவரே நின்றார்.

"உன் முதுகைப் பாக்கவாடா நான் உசுரோட இருக்கேன்?"

அவர் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "என்னைச் செவுத்துப் பக்கம் திருப்பிப் போட்டுட்டு நீ போய்ப் படுடா."

திருப்பிப் போட்டார். இப்போதெல்லாம் தெருவில் யார் எந்தக் கோலத்தில் போனாலும் அந்த ஜன்னலிலிருந்து ஒரு சத்தமும் வருவதில்லை.