பதினொரு மஞ்சள் மூடிகள்

1

இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் பிறந்தது. "தோட்டக்காரரின் அலட்சியத்தால் புல்வெளி கருகிவிட்டது. அவரை நீக்குவது பற்றி முடிவெடுக்க ஞாயிறு மாலை ஆறு மணிக்குக் கூட்டம்." கீழே செயலாளரின் கையெழுத்து. செயலாளர் என் கணவர்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று படிக்கிறேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: பச்சைப்பசேலென்ற புல்வெளியில் காலைப் பனித்துளிகள்…

(வேண்டாம். பனித்துளியைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் புல் வெட்டியதில்லை.)

இரண்டாவது: தோட்டக்காரர் ஓர் அப்பாவி…

(அதுவும் இல்லை. வாய்த்துடுக்கு உண்டு. புது விதை தூவிய இடத்தில் நடந்த சங்கத் தலைவரிடமே, "சார், அது உங்க வீட்டுக் கால்மிதி இல்ல" என்றவர்.)

மூன்றாவது: புல்லுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. அதில் பதினொரு தெளிப்பான்கள். தண்ணீர் திறந்தால் தலையைத் தூக்கிச் சுற்றும். நிறுத்தினால் புல்லுக்குள் இறங்கிவிடும். பழசாகிவிட்டதால் முழுசாக இறங்காது. புல் வெட்டும் மெஷின் மேலே ஏறினால் தொலைந்தது. அதனால் ஒவ்வொன்றின் பக்கத்திலும் தோட்டக்காரர் ஒரு குச்சி நட்டு, எண்ணெய் பாட்டிலின் மஞ்சள் மூடியைக் கவிழ்த்து வைத்திருந்தார். அதைச் சுற்றி ஒரு முழத்துக்குக் கையால்தான் வெட்டுவார்.

இப்படியே தொடங்குகிறேன்.

3

அழகான குடியிருப்புக்கான போட்டி வந்தது. பார்வையிட வருகிறார்கள் என்றதும் மூடிகள் குப்பையாகிவிட்டன. அவர்கள் வரவிருந்த நாள் காலையில் தோட்டக்காரர் வந்தபோது ஒன்றையும் காணோம்.

"சார், அடையாளம் இல்லாம மெஷின் ஓட்ட முடியாது. தண்ணி திறந்து, ஒவ்வொண்ணா பாத்து, மறுபடி குச்சி நட்டுடறேன். ஒரு நாள் குடுங்க."

"இத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க, மனப்பாடமா தெரியாதா? பத்து மணிக்கு வந்துடுவாங்க. ஓட்டுங்க" என்றார் என் கணவர்.

ஓட்டினார். முதல் தெளிப்பான் உடைந்ததும் நிறுத்தினார்.

"அதான் உடைஞ்சாச்சே, மிச்சத்தையும் முடிங்க" என்றார் கணவர்.

மொத்தம் ஏழு உடைந்தன. தண்ணீர் திறந்தால் பாதி இடம் குளம், மீதி இடம் வறண்ட தரை. புதுத் தெளிப்பான் வாங்குவதா வேண்டாமா என்று சங்கம் மூன்று வாரம் பேசிக்கொண்டே இருந்தது. அதற்குள் புல் கருகிவிட்டது.

அந்த மூடிகளைப் பிடுங்கியது யார்? முந்தின நாள் மாலை செயலாளர் ஒரு வாளியோடு இறங்கி, ஒவ்வொன்றாக…

நிறுத்துகிறேன். இந்த வாக்கியம் பொய்.

4

பிடுங்கியது நான். "பாக்கவே அசிங்கமா இருக்கு" என்றுதான் கணவர் சொன்னார். வாளியோடு இறங்கியவள் நான். பதினொரு தடவை குனிந்தேன். ஒரு தடவைகூட இது ஏன் இங்கே இருக்கிறது என்று யோசிக்கவில்லை. (மூடிகள் சமையலறை இழுப்பறையில் இருக்கின்றன. எதற்காவது உதவுமே என்று எடுத்து வைத்தேன்.)

அந்த அறிவிப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நீதான் எழுதறவளாச்சே, நாலு வரி போட்டுக் குடு" என்றார் கணவர். அவர் சொன்ன சொல் 'தவறு'. எனக்கு அது சப்பென்று இருந்தது. 'அலட்சியம்' என்று மாற்றியது நான். நல்ல சொல் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். தூ.

நேற்று தோட்டக்காரர் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, கை தவறிச்சுன்னு போட்டிருந்தா பேசாம போயிருப்பேன். அலட்சியம்னு போட்டிருக்காங்களே. இதக் கேட்டா வேற எங்க என்னைச் சேத்துப்பாங்க? அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்தச் சொல்லுங்கம்மா."

"சொல்றேன்" என்றேன். யாருடைய வார்த்தை அது என்று சொல்லவில்லை.

5

முடிவுகள்.

அ) கூட்டத்தில் மூடிகளை மேஜை மேல் கொட்டி, நடந்ததைச் சொல்கிறேன். எல்லோரும் தலைகுனிகிறார்கள். (குனிய மாட்டார்கள். "விடுங்க மேடம், ஆளையே மாத்திடலாம்" என்பார்கள்.)

ஆ) கணவர் மனம் மாறி… (எனக்கே சிரிப்பு வருகிறது.)

இ) இந்த முடிவை எழுத மாட்டேன். எழுதிவிட்டால் செய்துவிட்டதாகவே எனக்குத் தோன்றிவிடும். அலட்சியம் என்றால் அதுதான்.

சமையலறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். மணி ஐந்து ஐம்பது. கீழே ஹாலில் நாற்காலிகளை இழுத்துப் போடுகிறார்கள். இழுப்பறை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. இந்த வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தால், நான் போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.