நடக்கும் மெஷின்

கணவனை விட்டு வந்ததற்குச் சின்னு சொன்ன காரணத்தை வீட்டில் ஒருவரும் காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

“அடிச்சாரா?” என்று கேட்டார் அண்ணன்.

“இல்ல.”

“குடிச்சாரா?”

“டீயே அளந்துதான் குடிப்பார்.”

“அப்ப வேற யாராவது...”

“சீ, அதெல்லாம் இல்லண்ணா. நான் சிரிச்சா ஏன்னு கேக்கறார்.”

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி சுவரைப் பார்த்தார்.

சின்னு என்பது வீட்டில் கூப்பிடும் பெயர். நாற்பத்தேழு வயதாகியும் அது ஒட்டிக்கொண்டிருந்தது. பல் செட் செய்யும் லேபில் அவளுக்கு வேலை. மெழுகில் ஈறு அமைத்து, பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, கடைசியில் பளபளவென்று தேய்த்து அனுப்ப வேண்டும். பகலெல்லாம் ஊரார் வாயோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவளுக்கு, வீட்டில் தன் வாயைத் திறந்து சிரிக்கக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கணவர் கெட்டவர் இல்லை. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் மேற்பார்வையாளர். எங்காவது ஒரு சத்தம் கேட்டால் அது எதனால் என்று கண்டுபிடித்தாக வேண்டும் அவருக்கு. மனைவியின் சிரிப்பும் அவருக்கு அப்படி ஒரு சத்தம்தான்.

ஒரு நாள் சமையலறையில் பாத்திர மூடி ஒன்று கைதவறி விழுந்தது. விழுந்த மூடி படுக்காமல் வட்டம் போட்டது. அடங்கப்போவதுபோல் தாழ்ந்து, திடீரென்று ஏதோ ஞாபகம் வந்ததுபோல் எழுந்து மறுபடி சுற்றியது. கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்தால் விடாத பெரியப்பா மாதிரியே இருந்தது. சின்னு சுவரில் சாய்ந்துகொண்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

கணவர் வந்தார். “என்ன சத்தம்?”

“மூடி விழுந்துது.”

“அதுக்கு எதுக்குச் சிரிப்பு?”

அவள் விளக்கினாள். பாதி விளக்கும்போதே சிரிப்பு செத்துப்போய்விட்டது. அவர் மூடியை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். “வளைஞ்சிருக்கு. அதான்” என்றார். மறுநாளே புது மூடி வாங்கிவந்தார். சின்னு அதை வேண்டுமென்றே கீழே போட்டுப் பார்த்தாள். தொப்பென்று விழுந்து படுத்துக்கொண்டது. அந்த வாரமே அவள் வீடு தேட ஆரம்பித்தாள்.

“ஒரு மூடிக்காகவா?” என்று தலையில் அடித்துக்கொண்டார் அண்ணன்.

கிடைத்தது மூன்றாம் மாடியில் இரண்டு அறை. தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் ஒரு பழைய வாஷிங் மெஷினை விட்டுப் போயிருந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை அதில் துணியைப் போட்டுவிட்டுச் சின்னு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். துணி பிழியும் கட்டம் வந்ததும் மெஷினுக்கு ஆவேசம் வந்துவிட்டது. குளியலறை ஓரத்திலிருந்து கிளம்பி, தடதடவென்று ஆடி அசைந்து, குழாய் எட்டுகிற மட்டும் நடந்து வந்து சமையலறை வாசலில் நின்று, ‘இன்னிக்கு என்ன சமையல்?’ என்பதுபோல் குலுங்கியது.

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஓடிப்போய் அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அது நின்ற இடத்திலேயே உறுமியது. அடுத்த வாரம் கையில் செய்தித்தாளோடு உட்கார்ந்தாள். எழுத்தெல்லாம் நடுங்கியதால் தலைப்புகளைத் தவிர எதையும் படிக்க முடியவில்லை. உலகத்தைப் பற்றி அவ்வளவு தெரிந்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

அதன் பிறகு அந்த வீட்டில் அவள் யாரையும் கேட்காமல் வாழ ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேசை வாங்கவில்லை. துணி தேய்க்கும் மடக்கு மேசையை ஜன்னலோரம் போட்டாள். நின்று சாப்பிட ஆசையாக இருந்தால் உயர்த்துவாள், தரையில் உட்காரத் தோன்றினால் இறக்குவாள். அளவு சரியில்லை என்று லேபுக்குத் திரும்பி வந்த ஒரு பல் செட்டை அதன் பிளாஸ்டர் தாடையோடு வாசலுக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீட்டுச் சாவியை அது பல்லால் கவ்விக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி அழைப்பு மணி தவளை மாதிரி கத்தும். சரிசெய்ய ஆளைக் கூப்பிடவில்லை. மாறாக, மழை நாளில் வெளியிலிருந்து வரும்போது தன் வீட்டு மணியைத் தானே ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போவாள்.

ஆறு மாதம் ஆகியிருக்கும். அண்ணன் போன் செய்தார்.

“ஞாயித்துக்கிழமை காலைல வர்றோம். பெரியப்பாவும் வர்றார். மாப்பிள்ளையும் வர்றார். பேசி ஒரு முடிவுக்கு வந்துடலாம். வீட்டைக் கொஞ்சம் மனுஷங்க இருக்கற மாதிரி வை.”

“ஞாயித்துக்கிழமை நான் துணி துவைப்பேனே.”

“ஒரு வாரம் துவைக்கலன்னா ஒண்ணும் ஆயிடாது.”

“துவைச்சாலும் ஒண்ணும் ஆயிடாதுல்ல?”

அவர் போனை வைத்துவிட்டார்.

பேச்சு என்னவோ வீறாப்பாகத்தான் வந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சின்னு அண்ணன் சொன்ன மாதிரி வீட்டை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தாள். தேய்ப்பு மேசையை மடக்கி மூலையில் சாத்தினாள். தாடையைக் கழற்றித் துணி அலமாரியில் போட்டாள். பிறகு நடுக்கூடத்தில் நின்று பார்த்தாள். யாருடைய வீடோபோல் இருந்தது. ஒரு முடிவோடு எல்லாவற்றையும் திரும்ப அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, மெஷினிலும் துணியைப் போட்டுத் திருகிவிட்டாள்.

முதலில் நுழைந்தவர் பெரியப்பா. சாவியைக் கவ்வியிருந்த தாடையின் முன் நின்றுவிட்டார்.

“இது யாரோடதும்மா?”

“தெரியலை பெரியப்பா. வாய்க்குப் பொருந்தலன்னு திரும்பி வந்துடுச்சு.”

பெரியப்பாவுக்கும் பல் செட்தான். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் அண்ணன், அண்ணி, கடைசியாகக் கணவர். மெலிந்திருந்தார். சட்டையை அவரே தேய்த்திருக்க வேண்டும், ஒரு கையில் இரண்டு மடிப்பு விழுந்திருந்தது. சின்னு அதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ போடப் போனாள்.

தேய்ப்பு மேசையை இறக்கி அதன்மேல் டீயை வைத்தாள். “அட, இது நல்லா இருக்கே” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார் அண்ணி. அண்ணன் பார்த்த பார்வையில் கோப்பையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

பெரியப்பா தொடங்கினார். குடும்பம் என்றால் என்ன, விட்டுக்கொடுப்பது என்றால் என்ன, அவர் காலத்தில் எப்படி என்றெல்லாம் சொல்லிவிட்டு, “இவ்வளவுதான் நான் சொல்லுவேன்” என்றார். எல்லாரும் மூச்சுவிட்டார்கள். “இன்னொண்ணு” என்று மறுபடி எழுந்தார். சின்னு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் ஒருவழியாக ஓய்ந்ததும் கணவர் தொண்டையைச் செருமினார்.

“நான் யோசிச்சுப் பாத்தேன். இனிமே ஏன்னு கேக்க மாட்டேன். நீ பாட்டுக்குச் சிரி. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

மனப்பாடம் செய்துகொண்டு வந்ததுபோல் சொன்னார். ஆனால் பொய்யில்லை. அவருக்கு அது எவ்வளவு பெரிய விட்டுக்கொடுப்பு என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“இதுக்கு மேல என்னம்மா வேணும் உனக்கு?” என்றார் அண்ணன்.

சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள் சின்னு. எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது மெஷின் புறப்பட்டது.

தடதடவென்று சத்தம் கேட்டுப் பெரியப்பா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளையாக ஒன்று குளியலறைப் பக்கமிருந்து ஆடிக்கொண்டு வந்தது. “ஒரு நிமிஷம்” என்று எழுந்து ஓடினாள் சின்னு. சமையலறை வாசலில், எல்லாரும் பார்க்க, அதன் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

“நீ-நீ-நீங்க பேசுங்க. நா-நா-நான் கேட்டுட்டுத்தான் இரு-ருக்கேன்.”

அண்ணிக்குப் புரையேறியது. டீ மூக்கு வழியாக வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கல்யாணமாகி வந்த நாளாய் அண்ணி இப்படிச் சிரித்துச் சின்னு பார்த்ததே இல்லை.

கணவர் சிரிக்கவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. அவர் கண் மெஷினின் இடது முன்காலிலேயே நின்றது. விரல் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது. சுடச்சுட எதையோ வாயில் போட்டுக்கொண்டு துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தவிப்பவர்போல் இருந்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். இனி ஆயுசு முழுக்க இப்படித்தான் காப்பாற்றுவார் என்று சின்னுவுக்குப் புரிந்தது.

“கேட்டுடுங்க” என்றாள்.

“இல்ல, வேணாம்.”

“பரவால்ல, கேளுங்க.”

அணை உடைந்தது. “அந்த முன்னங்கால்ல ஒரு ரப்பர் வெச்சா நின்னுடும். அஞ்சு நிமிஷ வேலை. ஏன் வைக்கல?”

கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“நிக்கக் கூடாதுன்னுதான்” என்றாள் சின்னு.

மெஷின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. அவள் அதன் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, குரல் நடுங்கினாலும் நிறுத்தாமல் சொன்னாள்: “உங்க மேல எனக்குக் கோபமே இல்லீங்க. நீங்க கேக்காம இருந்தாலும் அந்த ‘ஏன்’ எனக்குக் கேட்டுட்டே இருக்கும். நான் வரலை.”

அண்ணன் எழுந்துவிட்டார். “ஒரு ஓட்டை மெஷினுக்காக மனுஷனை வேணாங்கறியா?”

“அப்படியே வெச்சுக்கோங்க.”

“நாளைக்கு உடம்புக்கு முடியாம படுத்தா யாரு பாப்பா? இது வந்து சுடுதண்ணி வெச்சுக் குடுக்குமா?”

“சமையக்கட்டு வரைக்கும் வருதுண்ணா. அதுக்கு மேல தெரியலை.”

“எனக்குத் தங்கச்சியே இல்லன்னு நெனச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு அண்ணன் செருப்பை மாட்டினார். பெரியப்பா இன்னொன்று சொல்ல வாயெடுத்தார். அண்ணன் அவரையும் இழுத்துக்கொண்டு போனார். அண்ணி முகத்தைத் துடைத்தபடி பின்னால் ஓடினார். கணவர்தான் கடைசி. குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வாசலில் தயங்கினார்.

“ரப்பர் எங்கிட்ட இருக்கு. வேணும்னா...”

“வேணாங்க.”

தலையாட்டிவிட்டுப் படியிறங்கினார்.

கதவைச் சாத்திவிட்டுச் சின்னு திரும்பினாள். மெஷின் எப்போதோ நின்றிருந்தது. அழுகை வரும்போல் இருந்தது, வரட்டும் என்று விட்டாள். அழுதுகொண்டே துணிகளை உதறி உதறிக் கொடியில் போட்டாள்.

அண்ணன் வீட்டிலிருந்து அதன் பிறகு ஒரு போன்கூட இல்லை. அவளும் செய்யவில்லை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து படுத்தாள். அண்ணன் கேட்ட கேள்வி அப்போது கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. சுவரைப் பிடித்து நடந்துபோய்த் தானே வெந்நீர் வைத்தாள். யாரோ மழையில் வந்து கதவு மாறி மணியை அழுத்தினார்கள். தவளை கத்தியது. வேடிக்கையாகவே இல்லை. எரிச்சலாக இருந்தது. அண்ணன் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ‘நான்தான் சொன்னேனே’ என்பார். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

காய்ச்சல் விட்ட காலையில் ஒரு ரொட்டித் துண்டை எடுத்துக் கடித்தாள். கடித்த இடத்தைத் தொழில் பழக்கத்தில் உற்றுப் பார்த்தாள். முன்பல் ஒன்று திரும்பியிருந்தது, ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. ‘இந்த அம்மாவுக்குச் செட் செஞ்சா நம்ம தாலி அறுந்துடும்’ என்று நினைத்தாள். சிரிப்பு பீறிட்டு வந்தது. இருமலோடு சேர்த்துச் சிரித்துத் தீர்த்தாள்.

அவளுடைய விடுமுறை நாள் ஒன்றின் மத்தியானத்தில் அண்ணி வந்தார். தனியாக. கையில் ஒரு துணிப்பை.

“அண்ணன் அனுப்பினாரா?” என்று கேட்டாள் சின்னு.

“அவருக்குத் தெரியாது. நான் ஒண்ணும் பேச வரல. சமாதானமும் பண்ண வரல. கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன். ஒரு ஸ்பூன் குடு.”

பையிலிருந்து இனிப்புக் கெட்டிப்பால் டின் ஒன்றை எடுத்தார். நேராகச் சமையலறைக்குப் போய்த் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூடியை வெட்டித் திறந்தார்.

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு ஆசை, சின்னு. ஒரு டின்னை முழுசா நான் ஒருத்தியே சாப்பிடணும். எங்க வீட்ல திறந்தா ஆளுக்கு ஒரு ஸ்பூன். எனக்கு டின்னைக் கழுவற வேலை.”

ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சின்னுவும் எதிரில் உட்கார்ந்து, இன்னொரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

அண்ணி டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “உனக்குக் கிடையாது.”

பாதி டின் இறங்கியிருக்கும்போது போன் அடித்தது. அண்ணியின் விரலெல்லாம் பிசுபிசுவென்று இருந்ததால் முழங்கை முனையால் ஸ்பீக்கரை அழுத்தினார்.

“எங்க போயிட்டே?” என்றது அண்ணன் குரல்.

“சின்னு வீட்ல இருக்கேன்.”

“அங்க உனக்கு என்ன வேலை?”

“டின் பால் சாப்பிட்டுட்டு இருக்கேன்.”

“என்னது?”

“பாதிதான் ஆயிருக்கு. முடிச்சிட்டுத்தான் வருவேன்.”

பிறகு, சற்றே இறங்கின குரலில், “அவ பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா.”

“அவளுக்குக் குடுத்தியா?”

“இல்ல” என்றார் அண்ணி, அடுத்த ஸ்பூனை எடுத்துக்கொண்டே. “யாருக்கும் கிடையாது.”