கடைசிப் பியூஸ்

சுத்துக்கேணியில் கிளம்பும்போது கணீரென்று ஒலித்த ஹாரன், வில்லியனூர் தேரடி மைதானத்தில் வந்து நின்றபோது ஊமையாகிவிட்டது. பச்சையப்பன் பொத்தானை நாலு தரம் அமுக்கிப் பார்த்தான். ம்ஹூம். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வருகிறார். பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டி நாலு வருஷமாகிறது. பழைய காகிதம் இனிச் செல்லாது, புதுப் பெர்மிட் இருந்தால்தான் வாடகைக்கு ஓட்டலாம். ஹாரன் அடிக்காத வண்டிக்கு எந்த மகராசன் பெர்மிட் தருவான்?

வண்டி என்னவோ கிழட்டுச் சீமைக் கார்தான். ஆனாலும் சொந்தக் கார். இருபது வருஷம் அடுத்தவன் காருக்குக் கதவு திறந்துவிட்டவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பானட்டைத் தூக்கி, பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினான். சின்னச் சின்னதாய் இரண்டு கண்ணாடிக் குழாய்கள். ஹாரனுக்கு உரியதை எடுத்து வெயிலில் பிடித்தான். உள்ளே ஓடும் மயிரிழைக் கம்பி அறுந்து, கண்ணாடி கறுத்திருந்தது. மூடிக்குள் மாற்றுக்கு இரண்டு வைத்திருந்தான். ஒன்றை எடுத்து மாட்டினான். மாட்டிய கையோடு பட்டென்று பொறி பறந்து அதுவும் கறுத்தது.

இனி இருப்பது ஒன்றே ஒன்று. புதுச்சேரிக்குப் போய் வாங்கிவர நேரமில்லை.

பக்கத்து வண்டிக்காரன் ராஜாமணி சிகரெட் பெட்டியை நீட்டினான். "டே, இன்னாத்துக்கு இந்தப் பாடு? உள்ள கீற வெள்ளித்தாள கிழிச்சி பியூஸ் மேல சுத்து. நானும் அப்டித்தான் வச்சிருக்கேன். கவர்மெண்டு கண்ணுக்கா தெரியப்போவுது?"

"வேணாம்பா."

பழைய முதலாளியின் காரில் அவன் ஒருமுறை இதே வெள்ளித்தாளைச் சுற்றியவன்தான். நெட்டப்பாக்கம் ரோட்டில், கரும்புக் கொல்லை ஓரம், ஒயரெல்லாம் உருகிப் புகைந்தது. முதலாளியின் மகள் இருமிக்கொண்டே கீழே குதித்தாள். அன்றோடு வேலை போயிற்று. வேலை போனதை மறந்துவிட்டான். அந்தப் பிள்ளையின் முகத்தை மறக்க முடியவில்லை.

காரணம் தெரியாமல் இதை மாட்டுவதில்லை என்று கடைசிப் பியூஸை மடியில் செருகிக்கொண்டான். பெட்டியிலிருந்து கிளம்பும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். மூன்று வண்டிக்கு அப்பால் இன்ஸ்பெக்டரின் குரல் கேட்டது. கேட்டால் கேட்கட்டும். ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு கை ஹாரன்வரை போனது. அங்கே உருண்டையாக ஏதோ தட்டுப்பட்டது.

எலுமிச்சம்பழம். நாலு பச்சைமிளகாயோடு செப்புக் கம்பியில் கோத்து ஹாரனிலேயே கட்டியிருந்தது. கம்பியின் ஒரு முனை ஒயர் மாட்டிய திருகில். மறுமுனை இரும்புச் சட்டத்தில். ரோட்டுக் குலுக்கலில் இரண்டும் ஒட்டி, ஹாரனுக்குப் போகவேண்டிய கரண்ட் நேரே சட்டத்தில் இறங்கிப் பியூஸைப் பொசுக்கியிருக்கிறது.

திரும்பினான். பெர்மிட் கிடைத்ததும் கோயிலில் தேங்காய் உடைக்கவென்று கூடவே வந்திருந்த பெண்சாதி குப்பு, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"நூலுல கட்டுனா அறுந்துடும், அறுந்தா ஆவாதுன்னுதான்யா கம்பில கோத்தேன். வெளில தொங்கவுட்டா ஆபீசரு கயட்டச் சொல்லுவாருன்னு உள்ள கட்டுனேன்."

வாய்வரை வந்த வசவை விழுங்கினான். ஊர்க் கண்ணெல்லாம் இந்த வண்டிமேல் என்று விடியுமுன் எழுந்து கோத்திருக்கிறாள், பாவி. கம்பியை அவிழ்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைசிப் பியூஸை மாட்டினான். பொறி பறக்கவில்லை. ஹாரனை அமுக்கினான். மைதானத்துக் காக்காய்களெல்லாம் எழும்பிப் பறந்தன.

இன்ஸ்பெக்டர் ஹாரனோடு விடுகிற ஆள் இல்லை. பியூஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். இதற்கு முன்பே ராஜாமணியின் வெள்ளித்தாள் அகப்பட்டு, அவன் வண்டி ஓரங்கட்டப்பட்டிருந்தது. பச்சையப்பனின் பியூஸில் குறையில்லை. ஆனால் கறுத்துப்போன இரண்டும் அவர் கண்ணில் பட்டுவிட்டன.

"ரெண்டு போயிருக்கே. யார் பண்ண வேலை?"

குப்பு கையிலிருந்த கம்பியை முந்தானைக்குள் மறைத்தாள்.

"நாந்தான் சார்," என்றான் பச்சையப்பன். "திருஷ்டிக்குன்னு புத்தியில்லாம ஹாரன்ல கம்பி கட்டிட்டேன். ஒயர்ல பட்டுடுச்சி. கண்டுபுடிச்சி எடுத்துட்டேன்."

"இருபது வருஷ டிரைவர்னு எழுதியிருக்க. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராஜாமணி எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பச்சையப்பன் தலை குனிந்தபடி நின்றான். இன்ஸ்பெக்டர் அவனை ஒரு கணம் பார்த்தார், குப்புவைப் பார்த்தார். "மாத்துப் பியூஸ் வாங்கி வச்சுக்கோ," என்று முத்திரையைக் குத்தினார்.

காகிதம் கைக்கு வந்ததும் குப்பு அழ ஆரம்பித்தாள்.

"அதான் பெர்மிட்டு வந்துடுச்சே, இன்னாத்துக்கு அயுவுற?"

"எல்லாரும் சிரிச்சாங்களேய்யா," என்றாள். "உன்னப் பாத்து."