அளவுத் தண்ணீர்

ஜோசப் ராஜுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போன பிறகு, ஒரு நாளைக்கு அவர் குடிக்கலாம் என்ற தண்ணீரின் அளவை டாக்டர் ஒரு பாட்டிலைக் காட்டிச் சொல்லிவிட்டார். மாத்திரை விழுங்க, சோற்றுக்கு ரசம் ஊற்ற, தொண்டை காய்ந்தால் நனைத்துக்கொள்ள, எல்லாம் அதற்குள்தான். காலையில் அவர் மனைவி ஜெயராணி அந்தப் பாட்டிலை நிரப்பி அலமாரியில் வைப்பாள். அதிலிருந்து ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை மாலைக்கென்று தனியாக மூடி வைப்பாள். அது டீக்கு.

மொரப்பூரில் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவர் அவர். கடையில் இருந்தவரை பக்கத்து டீக்கடையிலிருந்து டீ வந்துகொண்டே இருக்கும். ஆறிப்போனதைக்கூட ஒரே மடக்கில் குடித்துவிட்டு மறுபடியும் காயில் சுற்றக் குனிந்துவிடுவார். இப்போது பாலைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். கோயில் பக்கத்தில் கான்வென்ட் சிஸ்டர்கள் துளசியும் எலுமிச்சைப்புல்லும் சுக்கும் சேர்த்து மூலிகை டீ என்று பாக்கெட் போட்டு விற்றார்கள். மன அமைதிக்கு என்று அதன்மேல் அச்சடித்திருந்தது. ஜெயராணி அந்தப் பாக்கெட்டை தர்மபுரி ஆஸ்பத்திரிக்கே எடுத்துக்கொண்டு போய் டயாலிசிஸ் நர்ஸிடம் காட்டினாள். நர்ஸ் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து, கொஞ்சமாகக் குடிக்கலாம், ஆனால் இதுவும் அந்த அளவுக்குள்தான் என்றாள்.

முதல் சில மாதங்கள் அந்த டீயில் அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஒரு தடவை நுரையீரலில் தண்ணீர் கோத்து, மூச்சு முட்டி, ஆம்புலன்சில் போயிருந்தார். அதிலிருந்து எதைக் குடித்தாலும் அது நெஞ்சுக்குள் போய் நிற்பதாகவே தோன்றும். ஒரு கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் கணுக்காலை அழுத்திப் பார்ப்பார், வீக்கம் ஏறியிருக்கிறதா என்று. எப்படி இருக்கிறது என்று ஜெயராணி கேட்டால், சுடுதண்ணி மாதிரி இருக்கிறது என்பார். அவள் தன் டம்ளரை முகர்ந்து பார்ப்பாள். எலுமிச்சைப்புல் வாசம் கும்மென்று வரும். சிறுநீரகத்தோடு நாக்கும் போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

நாக்கு போகவில்லை என்பது சவரி வந்த அன்றுதான் தெரிந்தது.

சவரி, ஜோசப் ராஜின் அண்ணன். மாரண்டஹள்ளி பக்கம் பெண் எடுத்து, அங்கேயே தக்காளித் தோட்டம் போட்டு இருந்துவிட்டவர். தம்பிக்கு அப்பா முகமே சரியாக நினைவில்லை. அவனைச் சைக்கிளில் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டதெல்லாம் சவரிதான். ஜெயராணிக்குச் சர்க்கரை இருந்ததால் அவள் சிறுநீரகத்தை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளும் இல்லை. சவரியிடம் யாரும் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவராகவே வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நின்றுகொண்டு சொன்னார்.

"எனக்கு ரெண்டு இருக்குதில்லடா. ஒண்ணு நீ எடுத்துக்க."

ஜோசப் ராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஜெயராணி அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மூன்று டம்ளரில் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஜோசப் ராஜ் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். இதில் இஞ்சி போட்டாயா என்று கேட்டார். சுக்குதான், தினமும் போடுவதுதான் என்றாள் அவள். அவர் மறுபடியும் ஒரு வாய் குடித்தார். துளசியின் காரம் முதலில் வந்தது, அப்புறம் புல்லின் வாசம் மூக்கு வரை ஏறியது. தினமும் இதையா குடித்துக்கொண்டிருந்தேன் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. சேலத்துக்கும் வீட்டுக்குமாகப் பரிசோதனைக்கு அலைந்தார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் இரத்தம் ஒத்துப்போனது. மற்றவையும் ஒவ்வொன்றாக ஒத்துப்போயின. ரயிலில் திரும்பும்போது சவரி ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்குவார், ஜோசப் ராஜ் அவரையே பார்த்துக்கொண்டு வருவார். மாலையில் அந்த ஒரு டம்ளர் டீயை அரைமணி நேரம் வைத்துக் குடிப்பார். ஒவ்வொரு வாயையும் நாக்கிலேயே நிறுத்தி, சூடு போகும்வரை வைத்திருந்து விழுங்குவார். ஆபரேஷன் முடிந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஜெயராணி கேட்டாள். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து கடகடவென்று குடிப்பேன், சட்டையெல்லாம் நனைய வேண்டும் என்றார். கிறிஸ்துமஸுக்குச் சவரி வீட்டுக்குப் பலகாரத்தோடு இரண்டு டீப் பாக்கெட்டும் கொடுத்தனுப்பினாள் ஜெயராணி.

சிறுநீரகம் கொடுக்க அனுமதி தரும் கமிட்டி முன்னால் அண்ணனும் தம்பியும் நேரில் வந்து பேச வேண்டும் என்று சேலத்திலிருந்து தேதி சொன்னார்கள். சொல்வதற்காக ஜோசப் ராஜ் போன் செய்தபோது சவரி எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பிறகு அண்ணி ராஜமேரி எடுத்து, தோட்டத்தில் இருக்கிறார், வந்ததும் பேசச் சொல்கிறேன் என்றாள். அந்தப் போன் வரவில்லை.

முதலில் வாய்தான் காய்ந்தது. இத்தனை நாள் அடங்கியிருந்த தாகம் திரும்பி வந்துவிட்டது. போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மாலை டீயை ஜெயராணி ஆற்றிக் கொடுப்பதற்குள் கை நீளும். ஆவி பறக்க வாங்கி, அப்படியே ஊற்றிக்கொள்வார். குடித்து முடித்த பிறகுதான் குடித்தது தெரியும். டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த துளசி இலையை விரலால் வழித்துச் சப்புவார். அது கசந்தது. இன்னும் வேண்டும் போலிருந்தது. அவள் துணி துவைக்கப் போன நேரம் குழாயைத் திறந்து கையேந்திக் குடித்தார். டயாலிசிஸ் அன்று எடை பார்த்த நர்ஸ் அவர் முகத்தையும் ஜெயராணி முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். ஏறிய தண்ணீரை எல்லாம் எடுக்க வேண்டியிருந்ததால் அன்றைக்குக் காலில் நரம்பு இழுத்து அவர் கட்டிலிலேயே கத்திவிட்டார். மறுநாள் ஜெயராணி குழாயடியிலிருந்த சொம்பை எடுத்து உள்ளே வைத்தாள், அவ்வளவுதான்.

கடைசியில் ஒரு காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். தர்மபுரியில் இறங்கி, பாலக்கோடு வழியாக மாரண்டஹள்ளி போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. சவரி வீட்டில்தான் இருந்தார். தம்பியைப் பார்த்ததும் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, வெயிலில் ஏன் வந்தாய் என்று கேட்டார். அவரும் இளைத்திருந்தார். கன்னத்தில் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது.

ராஜமேரி டீ போடப் போனாள். பால் ஆகாதே என்று ஜெயராணி சொல்ல, தெரியும் என்று உள்ளிருந்தே சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு வந்த பாக்கெட்டைப் பிரித்து அந்த மூலிகை டீயைத்தான் போட்டுக் கொண்டுவந்தாள். பெரிய டம்ளரில், விளிம்பு வரை. அந்த வீட்டில் எல்லாருக்கும் அதே டம்ளர்தான். ஜெயராணி அதைப் பார்த்தாள். அவருடைய ஒரு நாளைக்கான தண்ணீரில் பாதி அதிலேயே இருந்தது. ஊற்றிக் குறைக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கொஞ்ச நேரம் மழையைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசினார்கள். சவரி தன் டம்ளரைக் கையில் எடுக்கவே இல்லை. ராஜமேரிதான் சொன்னாள். சுவரில் சாய்ந்து நின்று, புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்லயும் ரெண்டு பொண்ணுங்க கல்யாணத்துக்கு நிக்குதுங்க. இவரு மூட்டை தூக்கறவரு. நாளைக்கு இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எங்கங்க போவோம்?"

ஜோசப் ராஜ் அண்ணனைப் பார்த்தார். சவரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயராணி எழப்போனாள். ஜோசப் ராஜ் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு டம்ளரை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தார். வைத்துவிட்டுப் போனால் கோபித்துக்கொண்டு போனதாக ஆகிவிடும் என்று நினைத்தார். நாக்கு வெந்தது. நிறுத்தாமல் குடித்தார். துளசியும் தெரியவில்லை, புல்லும் தெரியவில்லை, அது தொண்டைக்குள் இறங்குவது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு மடக்கும் உள்ளே போய் எங்கேயும் போகாமல் தங்கிவிடப் போகிறது என்பதும் தெரிந்தது.

சர்க்கரை போதுமா என்று ராஜமேரி கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நல்லா இருக்குதுங்க அண்ணி," என்றார் ஜோசப் ராஜ்.

பஸ் ஸ்டாண்டு வரை சவரி கூடவே வந்தார். கடை நிழலில் ஜெயராணி சற்றுத் தள்ளி நின்றாள். சவரி பஸ் வரும் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு, ராஜமேரி மேல் கோபப்படாதே, அவள் சொன்னது எல்லாம் எனக்காகச் சொன்னது என்றார்.

"எனக்குத்தான்டா பயம். சேலத்துல அந்த ஆபரேசன் ரூமக் காட்னதுல இருந்து சோறு எறங்கலடா. தண்ணி குடிச்சாக்கூட இங்க அடச்சிக்குது." தன் விலாவைத் தொட்டுக் காட்டினார். "உன்னப் பாத்தா குடுத்துடலாம்னுதான் தோணுது. வூட்டுக்குப் போனா அந்த ரூமுதான் கண்ணு முன்னால வருது."

"உடுண்ணா."

"என்னடா உடறது."

"உடு. நீயாச்சும் சாப்புடு."

பஸ் வந்தது. ஜோசப் ராஜுக்குத் தன் அண்ணன் மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பாலக்கோடு தாண்டும்போது ஜெயராணியிடம் சொன்னார். அவளுக்கு இருந்த கோபத்தில் ஒரு பங்கு அவர் மேலும் இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணன் முன்னால் அவர் அந்த டீயை முழுக்கக் குடித்திருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கமிட்டி தேதி கடந்துபோனது. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து வைத்தார்கள். எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்தார். அதற்குள் டயாலிசிஸுக்கு ஊசி போடும் கை நரம்பு அடைத்துக்கொண்டது, கழுத்தில் குழாய் வைத்தார்கள். மாரண்டஹள்ளி பஸ்ஸில் அவ்வப்போது ஒரு பை தக்காளி வந்து இறங்கும். சவரிதான் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார். சிறுநீரகம் கெட்ட தம்பிக்குத் தக்காளி ஆகாது என்று சவரிக்குத் தெரியும். ஆனால் அனுப்ப அவரிடம் வேறு எதுவும் இருக்கவில்லை. ஜெயராணி அதை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவாள்.

மாலை டீயை மட்டும் அவள் விடவில்லை. சிஸ்டர்களிடம் சொல்லி எலுமிச்சைப்புல் தூர் ஒன்று வாங்கிக் குழாயடியில் நட்டாள். பச்சைப் புல்லாகக் கிள்ளிப் போட்டுப் பார்த்தாள். ஒருநாள் ஏலக்காய் தட்டிப் போட்டாள், இன்னொரு நாள் புதினா. டம்ளரைக் கொடுத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பாள். சவரி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை முகம் திரும்ப வருமா என்று பார்க்கிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. அதனால் அவர் ஒவ்வொரு வாய்க்கும் தலையை ஆட்ட வேண்டியிருந்தது. நன்றாக இருக்கிறது, இன்று வாசமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. மாலை நெருங்குவதே அவருக்குப் பயமாக ஆகிவிட்டது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒருநாள் அவள் டீ கொண்டுவந்தபோது அவர் டம்ளரை வாங்கவில்லை.

"இனிமே டீ வேணாம் ஜெயா."

"ஏங்க, புதினா புடிக்கலைங்களா? துளசி மட்டும் போடட்டுங்களா?"

"எதுவும் வேணாம். அந்த அளவுக்குப் பச்சத்தண்ணியாவே குடுத்துடு. தாகத்துக்கு ஆவும்."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். டம்ளர் சூடு கையைச் சுட்டிருக்க வேண்டும், கை மாற்றிப் பிடித்தாள். அவருக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. எதனால் என்று அவள் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இருந்தார், சுவை என்றைக்கோ போய்விட்டது என்பதையும், அவள் பார்ப்பதைத் தாங்க முடியவில்லை என்பதையும். அவள் கேட்கவில்லை. சரிங்க என்றாள்.

அந்த டீயை அவளே அடுப்படியில் நின்று குடித்தாள். சூடாகத்தான் இருந்தது, புதினாவும் சுக்கும் சரியாகத்தான் விழுந்திருந்தன. அவளுக்கும் அதில் ஒன்றும் தெரியவில்லை. பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பாட்டிலிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்துகொண்டார். காலை பஸ்ஸுக்கு எழுப்பச் சொன்னார். மறுநாள் டயாலிசிஸ்.