ஒன்றாம் எண் உரிமம்

ஊரைப் பிடித்த ராணுவம் ஐந்தாம் நாளே நகராட்சியைத் திறக்கச் சொல்லிவிட்டது. மேலதிகாரிகள் எல்லாரும் ஓடிப்போயிருந்தார்கள். மிஞ்சிய குமாஸ்தா நான் ஒருத்திதான். ஆக, நானே கமிஷனர், நானே பியூன்.

கேப்டன் கெடு வைத்தார். சனிக்கிழமை நண்பகலுக்குள் சந்தைக் கட்டடத்தில் இருபது கடையாவது திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது லாரி ஷெட்டாகிவிடும். என் வீட்டுக்காரரின் செருப்புக் கடையும் அதில்தான் இருக்கிறது. அது போனால் எங்களுக்குப் பிழைப்பே இல்லை.

"நீங்களாவது முதல்ல திறங்களேன்" என்றேன் அவரிடம்.

"முதல்ல திறக்கிறவனை அவங்க ஆளுன்னு ஊரே காறித் துப்பும். ரெண்டாவதா வேணா திறக்கிறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைக்காரர்களின் வீடு வீடாக ஏறி இறங்கினேன். சோப்புக்காரர், பூட்டுக்காரர், விதை விற்கும் அக்கா என்று எல்லாரிடமும் அதே பாட்டுதான். இரண்டாவதாகத் திறக்க முப்பது பேர் தயார், முதலில் திறக்க ஓர் ஈ காக்கைகூட இல்லை.

சரிதான் போங்கள் என்று உரிமச் சீட்டுகளை இரண்டாம் எண்ணிலிருந்து எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு மட்டும் எழுதவில்லை. அவ்வளவு கோபம்.

"அப்போ ஒண்ணு யாரு?" என்று அக்கா கேட்டாள்.

"அது ஆபீஸ் ரகசியம்."

எவனோ ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று எல்லாருக்கும் நிம்மதி. சனிக்கிழமை காலை ஷட்டர்கள் கடகடவென்று ஏறின. இருபத்து மூன்று கடைகள்! பைகளோடு ஜனம் திமுதிமுவென்று நுழைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

நண்பகலில் கேப்டன் பட்டியலோடு வந்தார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "ஒண்ணாம் நம்பர் எங்கே? பொய்ப் பட்டியல்னா சந்தையை மூடிடுவேங்கிறார்."

அப்போது பின்னால் ஒரு ஷட்டர் ஏறியது. என் வீட்டுக்காரர்.

"ஒண்ணு நான்தான். வர லேட்டாயிடுச்சு."

கேப்டன் ஒரு டிக் போட்டுவிட்டுப் போனார். எல்லாரும் என் வீட்டுக்காரரையே பார்த்தார்கள். விதை விற்கும் அக்கா விறுவிறுவென்று அவர் முன்னால் வந்து, காலில் இருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"வார் அறுந்துடுச்சு தம்பி. தைச்சுக் குடு. நீதானே முதல் கடை?"

சந்தையே சிரித்தது. அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, ஊசியைத் தேடினார்.