சைபர் வாங்கப் போன பூதத்தான்

பூதத்தான் வாங்கி வந்த மோட்டார் சைக்கிளுக்கு இருக்கை கிடையாது. உடைந்து போகவுமில்லை, கழன்று விழவுமில்லை, செய்தவனே வைக்கவில்லை. ஸ்பெயின் நாட்டில் எவனோ ஒரு புண்ணியவான், வண்டி ஓட்டுகிறவனுக்கு உட்காருகிற ஆசை எதற்கு என்று முடிவுகட்டி, நின்றே ஓட்டித் தொலையட்டும் என்று விட்டுவிட்டான். பாறைமேல் ஏற்றி இறக்குவதற்கென்றே உண்டான வண்டி அது. டிரயல்ஸ் வண்டி என்று பெயர். காற்றாலை வேலைக்கு வந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போயிருந்தார். பல கை மாறி, மேலப்பாளையத்தில் அகமது மீரானின் பழைய இரும்புக் கடைக்கு வந்து நிம்மதியாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்ததை, சேரன்மகாதேவியில் கடை வைத்து, பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் பூதத்தான் பார்த்துவிட்டான். அதற்கும் கெட்ட நேரம், முத்துராணிக்கும் கெட்ட நேரம்.

முத்துராணி அவன் மனைவி. லோடு ஆட்டோவில் வந்து இறங்கிய வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள்.

"இதுல எங்கன உக்காரணும்?"

"உக்காரப்பிடாது."

"அப்பம் நான்?"

"நீ பஸ்ஸுல வா."

வீட்டில் அவன் பேசுகிற பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். ஆனால் கார்புரேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டால் மட்டும் வாய் ஓயாது. "என்னய்யா உனக்குக் குறை, நேத்துதான குளிப்பாட்டுனேன்" என்று கொஞ்சுவான். வண்டியோ கொஞ்சலுக்கு மயங்குகிற ஜாதி இல்லை. பெட்ரோலில் எண்ணெயை அளந்து கலக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் தெரு முழுக்கப் புகை, கொஞ்சம் குறைந்தால் பிஸ்டன் இறுகிப்போகும். உதைத்துக் கிளப்பும்போது எதிர்த்து உதைக்கும். பூதத்தானின் வலது முழங்காலுக்குக் கீழே ஒரு வீக்கம் நிரந்தரமாகக் குடியிருந்தது. உதிரிபாகம் என்று கடையில் கேட்டால், அப்படி ஒரு வண்டியே உலகத்தில் இல்லை என்று சத்தியம் செய்தார்கள். மொபெட் கிளட்ச் கேபிளை வெட்டிப் போட்டான். செருப்பு ரப்பரை வாஷராக நறுக்கினான். ஒருநாள் ஓடினால் நான்குநாள் பிரித்துக் கிடக்கும்.

வண்டிக்குப் பேப்பர் கிடையாது, ரோட்டில் ஓட்ட முடியாது. ஆகவே வாய்க்கால் கரை வழியாகத் தள்ளிக்கொண்டே ஆற்றுக்குப் போவான். பாறையைப் பிடித்து ஏற டயர் மெத்தென்று இருக்க வேண்டும் என்பதால் காற்றைப் பாதிக்குமேல் இறக்கிவிட்டிருப்பான். நம் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா போவார்களா? வயலில் களை பறிக்கிறவர்கள் கரையேறி வந்து சொன்னார்கள், "டயர்ல காத்தில்ல வே." துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். பேரனின் கையைப் பிடித்துப் போனவர் திரும்பி வந்து சொன்னார். முதலில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னான். பிறகு "ஆமா அண்ணாச்சி, அடிக்கணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டான்.

இதையெல்லாம் முத்துராணி பொறுத்தாள். பொறுக்க முடியாதது பின் அறை. அவள் ஜாக்கெட் தைக்கிறவள். அந்த அறையில் மிஷினைப் போட்டு, கண்ணாடி மாட்டி, வருகிற பெண்களை உட்கார வைத்துக் கௌரவமாக அளவெடுக்கலாம் என்று நெடுநாளாகக் கணக்குப் போட்டிருந்தாள். பூதத்தான் வண்டியை அங்கே ஏற்றிவிட்டான். தன் கடையில் வைத்தால் திருடிக்கொண்டு போய்விடுவார்களாம். உட்கார இடமில்லாத, பேப்பர் இல்லாத, அவன் உதைத்தாலே கிளம்பாத வண்டியை எந்தத் திருடன் எப்படி ஓட்டிப்போவான் என்று அவள் கேட்டுப் பார்த்தாள். மிஷின் அடுப்படி ஓரத்திலேயே கிடந்தது. கல்யாணப் பட்டு ஜாக்கெட் ஒன்று தாளித்த வாசனையோடு போய்ச் சேர்ந்து, அந்த வீட்டார் பிறகு வரவே இல்லை. அன்று அவள் அழுதாள். பூதத்தான் வண்டியின் பிளக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் முத்துராணி விஷயத்துக்கு வந்தாள்.

"இந்த விளையாட்டுல ஜெயிக்கதுன்னா என்ன?"

பூதத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடத்தில் அவள் கேட்ட முதல் நல்ல கேள்வி என்று நினைத்து உட்காரவைத்து விளக்கினான். பாறையில் ஏறும்போது கால் தரையில் படக் கூடாது. ஒரு தடவை பட்டால் ஒரு மார்க். இன்ஜின் நின்றாலோ வண்டி விழுந்தாலோ அஞ்சு. கால் படாமல் ஏறினால் சைபர். சைபர்தான் பெரிது.

"கம்மியா மார்க்கு வாங்குனா ஜெயிப்பாங்களா? உங்களுக்குன்னே கண்டுபிடிச்ச விளையாட்டுதான்" என்றாள் முத்துராணி. பத்தாவதில் அவன் வாங்கிய மார்க் அவளுக்குத் தெரியும்.

பேச்சு முடிவானது. ஆற்றில் ஆனைப்பாறை என்று ஒன்று இருக்கிறது. கோடையில் மட்டும் முழுசாகத் தலைகாட்டும். கார் பருவ நெல் சாகுபடிக்கு அணை திறந்துவிட்டால் முங்கிப்போகும். தண்ணீர் வருவதற்குள் அதில் சைபர் வாங்கினால் வண்டி வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் மீரான் கடைக்கே திரும்பிப் போக வேண்டும், அறை அவளுக்கு. மார்க் போடுவது முத்துராணி. தானே மனைவியை நடுவராக்கி வைத்த புத்திசாலியை ஜில்லாவில் வேறெங்கும் பார்க்க முடியாது.

அணை திறக்கப் போகிற வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. அகமது மீரான் லோடு ஆட்டோவோடு வந்து கரையில் மருத மரத்தடியில் நின்றார். முத்துராணியின் தம்பி மணிராஜ், வண்டி சரிந்தால் பிடிப்பதற்குப் பாறைக்குக் கீழே நின்றான். மூன்று வாய்ப்பு என்று பேச்சு.

முதல் தடவை பூதத்தான் பாசியில் வழுக்கி மூன்று இடத்தில் காலை ஊன்றினான்.

"மூணு" என்றாள் முத்துராணி. அவள் கண் அவன் செருப்பைவிட்டு நகரவில்லை.

இரண்டாம் தடவை பாதிப் பாறையில் இன்ஜின் செத்தது. அத்தானும் வண்டியும் மேலே வந்து விழுந்ததில் மணிராஜுக்கு முழங்கை சிராய்த்தது.

"அஞ்சு."

"வே பூதத்தான், கயிறு கொண்டாந்திருக்கேன், கெட்டிருவமா?" என்று மீரான் கரையிலிருந்து கேட்டார். நல்ல மனுஷர், காயத்துக்குப் பக்கத்திலேயே நின்று உப்பு விற்பார்.

 பூதத்தான் கார்புரேட்டரைத் தட்டினான். டயரை அமுக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் காற்றை இறக்கினான். வண்டி கையைவிட்டுப் போகப் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.  ஒரு இரும்புக்கு இப்படித் தவிக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. உதைத்தான். என்ன அதிசயமோ, முதல் உதையிலேயே கிளம்பியது.

அவன் வேகமாகப் போகவில்லை. பைய ஏற்றினான். முன்சக்கரம் பாறையின் விளிம்பில் ஏறி ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. முழங்காலை மடக்கி உடம்பைப் பின்னால் சாய்த்து, கிளட்சை ஒரு விரலால் விட்டுவிட்டுப் பிடித்தான். பாசி வந்தது, தாண்டினான். போன தடவை செத்த இடம் வந்தது, வண்டி ஆடியது, ஆடிக்கொண்டே நின்றது, பிறகு ஏறியது. உச்சியில் போய் அசையாமல் நின்றான். இரண்டு காலும் மிதிகட்டையில் இருந்தன. ஆற்றுக் காற்று வேர்வையில் பட்டது. இத்தனை மாதப் புகையும் வீக்கமும் இதற்குத்தான் என்று உடம்பு முழுக்கச் சந்தோஷம் பரவியது. அதை யாரிடமும் மறைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

"படல, அத்தான், காலே படல" என்றான் மணிராஜ்.

பூதத்தான் வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, பாறையிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி ஓடிவந்தான்.

"எத்தனட்டி?"

முத்துராணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, உன்கிட்டதான் கேக்குதேன். மார்க்கு எத்தன?"

"தெரியல. நான் காலப் பாக்கல."

"காலப் பாக்கத்தான உன்ன நிப்பாட்டுனது?"

"மூஞ்சியப் பாத்துட்டேன்."

பூதத்தானுக்கு விளங்கவில்லை. மணிராஜ் சிராய்ப்பைக் கழுவுகிற சாக்கில் தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தான்.

"பதிமூணு வருசமா உங்களுக்குப் பொங்கிப் போடுதேன்" என்றாள் முத்துராணி. குரலில் கோபம் இல்லை. "புள்ள பொறந்தப்பகூட இந்த மூஞ்சி எனக்குக் கிடைக்கல. இப்படி ஒண்ணு உங்ககிட்ட இருக்குன்னே இன்னைக்குத்தான் தெரியுது."

மருத மரத்தடியில் மீரான் கயிற்றை அவிழ்ப்பதும் சுருட்டுவதுமாக இருந்தார். முத்துராணி அவர் பக்கம் திரும்பினாள்.

"பாய், நீங்க போங்க. வண்டி கிடக்கட்டும். ஆட்டோ வாடகைய இவர் குடுத்துருவாரு."

ஆட்டோ கிளம்பிப் போனது. அவள் கணவனைப் பார்த்தாள்.

"அறைய இன்னைக்கே ஒழிச்சுக் குடுத்துருங்க, வண்டி உங்க கடையில கிடக்கட்டும். விக்க வேண்டாம். அந்த மூஞ்சிய நான் இன்னொருக்கப் பாக்கணும்னா அதுக்கு இந்தக் கருமம் வேணும்லா."

வண்டி மிஞ்சியதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று பூதத்தானுக்குத் தெரிந்தது. ஆனால் முடியவில்லை. மோட்டாருக்குள் எந்தச் சுற்று கருகியிருக்கிறது என்று கண்டுபிடிப்பவனுக்கு, பதிமூன்று வருடமாகப் பக்கத்தில் ஒருத்தி காத்திருந்தது தெரியவில்லை.  சரி, கேட்டதையாவது கொடுப்போம் என்று, சற்று முன்னால் உச்சியில் நின்றபோது முகத்தை எப்படி வைத்திருந்தோம் என்று யோசித்து, அவளைப் பார்த்துச் சிரித்தான்.

முத்துராணி அந்தச் சிரிப்பை நிதானமாகப் பார்த்தாள்.

"வேண்டாம், விட்டுருங்க" என்றாள். "பல்லு வலிக்காரன் மாதிரி இருக்கு."